கனமற்ற வாள்கள்: கணினியில் பறக்கும் வீரர்களை முன்வைத்து

சீன மொழியில் ‘வூஷியா’ என்றொரு சொல் உண்டு. ‘வூ’ என்பது போர்க்கலையைக் குறிக்கும். ‘ஷியா’ என்பது எளியவர் பொருட்டும் கொடுத்த வாக்கின் பொருட்டும் தன் உயிரைப் பணயம் வைப்பவனைக் குறிக்கும். ஒன்று பயின்று பெறுவது. மற்றது வாழ்ந்து பெறுவது. இரண்டும் ஒரே உடலில் கூடும்போதுதான் அந்தச் சொல் முழுமை பெறுகிறது. கடந்த கால் நூற்றாண்டாக இப்பெயரைச் சூட்டிக்கொண்டு வரும் மிகுபுனைவுத் திரைப்படங்களில் பெரும்பாலானவற்றில் இவ்விரண்டையும் காணவில்லை என்பதும், கணினி வரைகலையின் மீது வைக்கப்பட்ட கண்மூடித்தனமான நம்பிக்கையே அதற்கு முதன்மைக் காரணம் என்பதும் என் துணிபு.

இதைச் சொன்னதும் எழும் முதல் மறுப்பை நான் அறிவேன். “மூங்கில் நுனியில் நின்று வாள்வீசும் கதையில் போய் யதார்த்தத்தைத் தேடுகிறீர்களே ஐயா?” என்று என் மாணவர்களே கேட்கிறார்கள். நான் யதார்த்தத்தைத் தேடவில்லை. பேய்கள் கூழ் அட்டு உண்ணும் பரணியைப் பாடம் நடத்துகிறவனுக்குப் பறக்கும் வாள் ஒரு பொருட்டே இல்லை. என் வழக்கு புனைவின் மீது தொடுக்கப்பட்டதன்று. அந்தப் புனைவைக் கண்முன் நிறுத்துவதற்கு வேண்டிய உழைப்பைக் கைகழுவிவிட்டு, அந்தக் கைகழுவலையே வளர்ச்சி என்று கொண்டாடுகிற போக்கின் மீது தொடுக்கப்பட்டது.

*

முதலில் வரலாற்றைச் சற்று நேராக்கிக்கொள்வோம். அற்புதம் இவ்வகைப் படங்களுக்குப் புதிதன்று. 1928இல் ஷாங்காயில் தொடங்கிப் பதினெட்டுப் பாகங்களாக வெளிவந்த ‘செந்தாமரைக் கோயில் எரிப்பு’ என்ற மௌனப்படத் தொடர் மாயவாள்களையும் பறக்கும் வீரர்களையும் காட்டித்தான் கூட்டத்தைத் திரட்டியது. மூடநம்பிக்கையைப் பரப்புகின்றன என்று குவோமின்டாங் அரசின் தணிக்கையாளர்கள் 1930களின் தொடக்கத்தில் இத்தகைய படங்களைத் தடைசெய்யும் அளவுக்கு மக்கள் அவற்றில் மயங்கிக் கிடந்தனர். 1964இல் ஹாங்காங்கில் வந்த ‘புத்தரின் உள்ளங்கை’ வரிசைப் படங்களில் வீரனின் கையிலிருந்து புறப்படும் ஒளிக்கதிர்களைப் படச்சுருளின் மேல் கையாலேயே வரைந்தார்கள். 1983இல் ‘ஸூ: வாரியர்ஸ் ஃப்ரம் தி மேஜிக் மவுண்டன்’ படத்தை எடுத்த சுய் ஹார்க், ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் தந்திரக் காட்சிகளுக்காக ஆஸ்கர் பெற்றவர்களுள் ஒருவரான ராபர்ட் பிளலாக் முதலிய தொழில்நுட்பக் கலைஞர்களை ஹாங்காங்குக்கு வரவழைத்தார். எனவே, ஒருபுறம் தூய கலை, மறுபுறம் தந்திரக் காட்சி என்று கோடு கிழிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆனால் அந்தத் தந்திரங்களுக்கு நடுவே நின்ற உடல்கள் யாருடையவை என்று கேட்க வேண்டும். ‘ஸூ’ படத்தில் நடித்த யுவென் பியாவும் சாம்மோ ஹுங்கும் சீன இசைநாடகப் பள்ளியில் யு ஜிம்-யுவென் என்ற ஆசிரியரிடம் சிறுவயது முதலே பயின்றவர்கள். ஜாக்கி சானும் அதே பள்ளியில் வளர்ந்தவர்தான். அவர்கள் குட்டிக்கரணம் அடிக்கும்போது சுற்றிலும் பறக்கும் வண்ணப்பொடியும் புகையும் பொய்யாக இருக்கலாம், கரணம் பொய்யன்று. பொய்யான சூழலுக்குள் மெய்யான ஒன்று நிற்பதால் அந்தப் பொய்யும் நம்பத் தகுந்ததாகிவிடுகிறது. புனைவின் பழைய இலக்கணம் இதுதான்.

கிங் ஹூவைப் பற்றிச் சொல்லாமல் இந்த இலக்கணத்தை விளக்க முடியாது. 1966இல் ‘கம் ட்ரிங்க் வித் மீ’, 1967இல் ‘டிராகன் இன்’, 1971இல் ‘எ டச் ஆஃப் ஸென்’ என்று அவர் எடுத்த படங்கள் இவ்வகைமைக்கே புதிய கண் தந்தன. இசைநாடக மரபில் வந்த ஹான் யிங்-ஜியே என்பவரை அவர் சண்டை அமைப்பாளராக வைத்துக்கொண்டார். அவரிடம் கணினி இல்லை. துள்ளுமேடை இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது, பயின்ற நடிகர்கள் இருந்தார்கள். ‘எ டச் ஆஃப் ஸென்’ படத்தின் மூங்கில் வனச் சண்டையில் வீராங்கனை தோழனின் துணையோடு மேலெழும்பி, மரத்தை உதைத்து, எதிரிமேல் தலைகீழாகப் பாய்கிறாள். அந்தப் பாய்ச்சலை முழுதாகக் காட்டாமல் சில கணத் துண்டுகளாக வெட்டி ஒட்டினார் கிங் ஹூ. காலடி, கிளையின் அசைவு, பறக்கும் ஆடையின் ஓரம், பிறகு வாள். ‘கண்ணிமைத்துவிட்டோமோ’ என்று பார்ப்பவன் தன்னையே சந்தேகிக்கிறான். திரை ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் கிங் ஹூவைப் பற்றி எழுதியபோது இந்தக் ‘கணநேரத் தோற்ற’த்தைத்தான் எடுத்துப் பேசினார். காட்டாமல் விட்ட இடத்தைப் பார்வையாளனின் மனம் நிரப்பிக்கொள்கிறது. கவிதை வாசிக்கிறவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. 1975இல் கான் விழாவில் அப்படத்துக்குக் கிடைத்தது தொழில்நுட்பத்துக்கான பெரும் பரிசு. எந்திரம் மிகக் குறைவாக இருந்த ஒரு படத்துக்குத் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது என்பதை இன்றைய கிராஃபிக்ஸ் வியாபாரிகள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

*

பிறகு என்ன நடந்தது? 2000இல் ஆங் லீயின் ‘க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ வந்தது. உலகமே மூங்கில் வனத்தைப் பார்த்து வியந்தது. அங்கே கணினி இருந்தது. ஆனால் அதற்கு இடப்பட்ட வேலை மிக அடக்கமானது. நடிகர்களைத் தாங்கிய கம்பிகளை அழிப்பது. சௌ யுன்-ஃபாட்டும் ஜாங் சியியும் உண்மையாகவே பாரந்தூக்கிகளிலிருந்து மூங்கில்களுக்கு இடையே தொங்கினார்கள். கொம்பு வளைவதும், ஆடை காற்றில் இழுபடுவதும், உடல் தன் நிலையைத் தேடி ஒரு கணம் தடுமாறுவதும் படத்தில் பதிந்திருக்கின்றன. சண்டைகளை அமைத்தவர் யுவென் வூ-பிங். அப்படம் நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது: அயல்மொழிப் படம், ஒளிப்பதிவு, கலை இயக்கம், இசை. அந்தப் பட்டியலில் யுவென் வூ-பிங்கின் பெயர் இல்லை. அவருடைய கலைக்கு அங்கே ஒரு பிரிவே இருக்கவில்லை.

அந்த வெற்றியிலிருந்து தயாரிப்பாளர்கள் கற்றுக்கொண்ட பாடம் தவறான பாடம். ‘மனிதர்கள் பறந்தால் கூட்டம் வரும்’ என்று புரிந்துகொண்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1998இல், ஹாங்காங்கில் ‘தி ஸ்டார்ம் ரைடர்ஸ்’ கணினி வரைகலையால் வசூலை அள்ளியிருந்தது. சித்திரக்கதையிலிருந்து எடுக்கப்பட்ட அப்படத்தின் இரு நாயகர்களும், ஆரோன் குவோக்கும் ஈக்கின் செங்கும், பாடல் உலகின் நட்சத்திரங்கள். அதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. ஆனால் பொருளாதாரம் அங்கேதான் மாறியது. பத்தாண்டு பயின்ற ஓர் உடலைத் தேடிப்பிடிக்க வேண்டிய அவசியம் தயாரிப்பாளனுக்கு இல்லாமல் போயிற்று. அழகிய முகம் ஒன்றைப் பச்சைத் திரைக்கு முன்னால் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னால் போதும். மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். கம்பியை அழிக்க வந்த கருவி உடலையே அழிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

2001இல் சுய் ஹார்க்கே ‘ஸூ’ உலகுக்குத் திரும்பி ‘தி லெஜண்ட் ஆஃப் ஸூ’ எடுத்தார். முதற்படத்தில் குறைபட்ட தந்திரங்களுக்கு நடுவே உடல்கள் துள்ளின. இரண்டாவதில் குறையற்ற ஒளிவெள்ளத்துக்கு நடுவே முகங்கள் மிதந்தன. இன்னும் கூர்மையான சான்று வேண்டுமா? ‘க்ரௌச்சிங் டைகர்’ படத்தின் தொடர்ச்சி 2016இல் வந்தது. இம்முறை இயக்குநர் நாற்காலியிலேயே யுவென் வூ-பிங் அமர்ந்தார். அதில் உறைந்த ஏரியின் மேல் ஒரு சண்டை உண்டு. பனி வழுக்குகிறது, உடைகிறது, எல்லாம் உண்டு. எனினும் அந்தப் பனிக்குளிர் நம்மைத் தொடுவதில்லை. அதே கலைஞர்தான், கைவண்ணமும் அதேதான். மாறியது காலடியில் இருந்த தரை.

*

தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது. உள்ளத்து உணர்ச்சி உடம்பின் வழியே வெளிப்பட்டுப் பார்ப்பவனுக்குப் புலனாவதையே அச்சொல் குறிக்கிறது. சீனத்துப் படத்துக்குத் தமிழ் இலக்கணமா என்று கேட்கலாம். நான் பயின்ற கருவி அது. எங்கும் பயன்படும் கருவியும்கூட. அவ்வெட்டனுள் ‘மருட்கை’ என்பது வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து அது பிறக்கிறது. ‘பெருமிதம்’ என்பது வீரம். அது கல்வி, தறுகண், புகழ், கொடை என்ற நான்கிலிருந்து பிறக்கிறது. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் கல்வி முதலில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

கணினி வரைகலை மருட்கையைத் தர வல்லது. புதியதைக் காட்டும், பெரியதைக் காட்டும், ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் காட்டும். ஆனால் பெருமிதத்தை அதனால் தர இயலாது, ஏனெனில் கற்றவன் எவனும் அங்கே இல்லை. போர்க்கலைப் படத்தின் தலைமை உணர்ச்சியோ பெருமிதம். மருட்கை அதற்குத் துணையாக வரலாமேயன்றி அதன் இடத்தில் அமர முடியாது. 1978இல் லௌ கார்-லியுங் எடுத்த ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படத்தின் நடுப்பகுதி முழுவதும் பயிற்சி. நாயகன் நீரில் மிதக்கும் கட்டைகள் மேல் கால்வைத்து விழுகிறான், எழுகிறான், மீண்டும் விழுகிறான். கைகளில் கட்டிய கத்திகள் விலாவில் குத்தாதபடி தண்ணீர் வாளிகளைச் சுமந்து ஏறுகிறான். ஒரு மனிதன் கற்றுக்கொள்வதைப் பார்ப்பதே அங்கே கதையாகிறது. கோர்டன் லியுவின் உடல் அதைச் செய்ததால்தான், இறுதியில் அவன் வெல்லும்போது நம் நெஞ்சும் சற்று நிமிர்கிறது.

சீன மரபில் ‘ச்சிங்கொங்’ என்பார்கள். உடலை இலேசாக்கும் வித்தை என்று பொருள். கூரை தாவுவதும் நீர்மேல் நடப்பதும் அதன்பாற்படும். இலேசு என்ற சொல்லுக்குக் கனம் என்ற எதிர்ச்சொல் இருந்தால்தான் பொருள் உண்டு. கணினியில் உருவாக்கிய உடலுக்கு எடையே கிடையாது. எடையற்ற ஒன்று மிதப்பதில் என்ன வித்தை இருக்கிறது? பஞ்சு பறந்தால் எவனாவது கைதட்டுவானா?

*

இனி மறுப்புகளுக்கு வருவோம்.

‘கம்பியும் ஏமாற்றுதானே’ என்பது முதல் வாதம். ஆம், ஏமாற்றுதான். எனினும் எல்லா ஏமாற்றும் ஒரே தரத்தினவாகா. கம்பியில் தொங்குகிறவனைப் புவி விடாமல் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இழுப்புக்கு எதிராக அவன் வயிறும் முதுகும் இறுகுகின்றன. அந்த இறுக்கத்தை மறைத்து முகத்தில் அமைதி காட்டுவதுதான் நடிப்பு. கணினிப் படிமத்தில் மறைக்க எதுவும் இல்லை. ஆகவே காட்டவும் எதுவும் இல்லை.

‘நாவலில் உள்ளதை இப்போதுதான் உள்ளபடி காட்ட முடிகிறது’ என்பது இரண்டாவது வாதம். இலக்கிய வாசகர்கள்கூட இதைச் சொல்வதுதான் எனக்கு வியப்பு. ஜின் யோங் 1957 முதல் 1959 வரை தொடராக எழுதிய ‘கொண்டோர் வீரர்களின் கதை’யில் குவோ ஜிங் என்ற நாயகன் மந்தபுத்திக்காரன். ‘பதினெட்டு நாகங்களை அடக்கும் உள்ளங்கை’ என்ற வித்தையை அவனுக்கு ஹொங் ச்சிகொங் கற்றுத்தருவதே, ஹுவாங் ரொங் சமைத்துப் போடும் உணவின் ருசிக்கு மயங்கித்தான். திரும்பத் திரும்பச் செய்து, தன் மந்தத்தையே விடாப்பிடியாக மாற்றிக்கொண்டு அவன் தேர்கிறான். அந்த உள்ளங்கையின் வலிமை, அதற்குப் பின்னால் உள்ள குரு, காதலி, சோறு, சலியாத பயிற்சி ஆகியவற்றால் ஆனது. 2025இல் சுய் ஹார்க் இந்நாவலின் இறுதிப் பகுதியை எடுத்துப் படமாக்கியபோது அவ்வலிமை திரையில் பேரொளியாகவும் அலையாகவும் சீறியது. நாவலில் உள்ளதை உள்ளபடி காட்டுவது இதுவென்றால், ‘உள்ளது’ எது என்பதில்தான் நமக்குள் கருத்து வேறுபாடு.

மூன்றாவது வாதம் மட்டுமே என்னைத் தயங்க வைப்பது. ‘உடல், உடல் என்கிறீர்களே, அந்த உடல்கள் எப்படி முறிந்தன என்று தெரியுமா?’ தெரியும். 1986இல் ‘ஆர்மர் ஆஃப் காட்’ படப்பிடிப்பில் ஜாக்கி சான் மரத்திலிருந்து விழுந்து மண்டையோடு உடைந்து பிழைத்தார். ‘க்ரௌச்சிங் டைகர்’ படப்பிடிப்பில் மிஷெல் யோவின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த இசைநாடகப் பள்ளிகளில் குழந்தைகள் விடியலிலிருந்து இரவுவரை பிரம்படிக்கு நடுவேதான் பயின்றார்கள். அந்தக் கொடுமை திரும்ப வேண்டும் என்று சொல்கிறவன் கலையின் நண்பன் அல்லன். பெயர் தெரியாத சண்டைக் கலைஞன் ஒருவனின் முதுகெலும்பைக் காப்பாற்ற ஒரு கணினி உதவுமானால் அந்தக் கணினிக்கு என் வணக்கம். கம்பியைத் தடிமனாக்குங்கள், கீழே மெத்தையைப் போடுங்கள், பிறகு இரண்டையும் கணினியால் அழியுங்கள். 2000இல் செய்ததும் அதுதானே? ஆனால் சண்டைக் கலைஞனைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அவனுக்கு வேலையே இல்லாமற் செய்வதைக் கருணை என்று எப்படி அழைப்பது? நெசவாளியின் முதுகுவலிக்கு மருந்து, தறியைக் கொளுத்துவதன்று.

*

கணினி வரைகலையே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2004இல் ஸ்டீபன் சௌ எடுத்த ‘குங் ஃபூ ஹஸில்’ முழுக்கக் கணினியில் துள்ளும் படம். அது கேலிச்சித்திரம் என்பதை அதுவே அறிந்திருக்கிறது. பழைய ‘புத்தரின் உள்ளங்கை’யை அன்போடு பகடி செய்கிறது. அதைவிட முக்கியமாக, யுவென் வா, யுவென் ச்சியு, புரூஸ் லியுங் ஆகிய மூத்த கலைஞர்களை மறதியிலிருந்து மீட்டு வந்து நிறுத்துகிறது. தளர்ந்த தோள்களோடு அவர்கள் நிற்கும் விதத்திலேயே பயின்றவர்கள் என்பது தெரிகிறது.

மறுபுறம் சென் கைகேயின் ‘தி ப்ராமிஸ்’. 2005இல் வந்தபோது சீனத்தின் மிகப் பெரும் பொருட்செலவுப் படங்களுள் ஒன்றாக அது பேசப்பட்டது. அடிமை ஒருவன் மிரண்டோடும் எருதுக்கூட்டத்துக்கு நடுவே மின்னலாய் ஓடும் காட்சியைப் பார்த்து அரங்கில் சிரிப்பு எழுந்தால் அது பார்வையாளனின் குற்றமன்று. சில வாரங்களில் ஹு கே என்ற இளைஞர், ‘ஒரு மாவுருண்டையால் விளைந்த கொலை வழக்கு’ என்ற பொருளில் தலைப்பிட்டு, அப்படத்தின் துண்டுகளை வைத்தே இருபது நிமிடப் பகடி ஒன்றை உருவாக்கி இணையத்தில் உலவவிட்டார். நாடே சிரித்தது. இயக்குநர் வழக்குத் தொடுப்பேன் என்று சினந்தார். படத்தைவிடப் பகடி அதிகம் நினைவில் நிற்கிறது. 2018இல் வந்த ‘அசுரா’ பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவில் எடுக்கப்பட்டு, முதல் வார இறுதியோடு திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. வசூலை வைத்துக் கலையை அளப்பவன் நானில்லை. ‘மக்கள் இதைத்தான் கேட்கிறார்கள்’ என்று வாதிடுகிறவர்களுக்கு அவர்களுடைய அளவுகோலையே எடுத்துக் காட்டினேன், அவ்வளவே.

வேறு வழி இருக்கிறது என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2015இல் ஹௌ சியாவ்-சியென் ‘தி அசாசின்’ எடுத்தார். கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். அதில் சண்டைகள் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. கொல்லப் பணிக்கப்பட்டவள் கொல்ல மறுப்பதுதான் அங்கே உச்சம். ‘ஷியா’ என்ற சொல்லின் அறம் அந்த மறுப்பில் இருக்கிறது. 2018இல் ஜாங் யீமோவின் ‘ஷேடோ’ வந்தது. மழையில், கத்திகளால் ஆன குடைகளோடு நிகழும் சண்டை அது. கறுப்பு வெள்ளை மை ஓவியம்போல் தெரியும் அதன் தோற்றத்தைப் பெரிதும் அரங்கப்பொருள்களாலும் ஆடைகளாலுமே உருவாக்கினார்கள். நனைந்த துணி உடலோடு ஒட்டுகிறது. சேற்றில் கால் வழுக்குகிறது. விழுந்தால் வலிக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. இவ்வளவு போதும்.

*

இன்று இந்த விவாதம் அவசரமாகிவிட்டது. 2025 ஜூனில் ஷாங்காய் திரைப்பட விழாவின்போது, புரூஸ் லீ, ஜாக்கி சான் படங்கள் உட்பட நூறு பழைய குங்ஃபூ படங்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு புதுப்பிக்கும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. கீறல் விழுந்த படச்சுருளைச் சீராக்குவது நற்பணி, அதை வரவேற்கலாம். ஆனால் சீராக்குவதற்கும் திருத்துவதற்கும் இடையிலுள்ள கோட்டை யார் காவல் காக்கப் போகிறார்கள்? கால் சற்றுப் பிசகிய தாவலை நாளை ஒரு நிரல் சரியாக்கிவிடும். அந்தப் பிசகில்தான் ஒரு மனிதன் அங்கே இருந்தான் என்பதற்கான சாட்சி இருக்கிறது.

திரைப்படம் பற்றி எழுதுகிற நாமும் இதில் பொறுப்பேற்க வேண்டும். கதை, அரசியல், ஒளி, சட்டகம், இசை எல்லாவற்றையும் எழுதுகிறோம். சண்டைக் காட்சி வந்தால் ‘அருமை’ அல்லது ‘அபத்தம்’ என்ற ஒரு சொல்லோடு நகர்ந்துவிடுகிறோம். அடி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, வெட்டு எந்தக் கணத்தில் விழுந்தது, அதைச் செய்த உடல் யாருடையது என்று கேட்பதில்லை. ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சண்டை அமைப்புக்கு 1980களிலிருந்தே தனிப்பரிசு உண்டு. ஆஸ்கர் அமைப்பு 2027இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் அதற்கு இடம் தரப்போவதாக 2025இல் அறிவித்தது. நம் விமர்சனத்துக்கு அவ்வளவு காலம் வேண்டாம். அடுத்த முறை இப்படியொரு படத்தைப் பற்றி எழுத உட்காரும்போது, சண்டை அமைத்தவரின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து முதல் பத்தியிலேயே எழுதுங்கள். எழுதும்படியான பெயர் ஏதும் கிடைக்காவிட்டால், அதையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.